‘டிஜிட்டல் அரெஸ்ட்’ போனும் 1930-க்குப் பிறகான அலைச்சலும்

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. போலீஸோ சிபிஐயோ நீதிபதியோ வீடியோ காலில் யாரையும் காவலில் வைக்க முடியாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும், பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-வது பிரிவு நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீஸுக்கே சொல்லிவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில் வாரண்ட் வந்தால் போனை வையுங்கள். பதில் சொல்லி நிரூபிக்க எதுவும் இல்லை.

போலீஸ் வேஷம் போடும் இந்த மோசடிக்காரர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மும்பையில் உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் மோசடி. அடுத்து யூனிஃபார்ம் போட்ட ஒருவர் திரையில் வருவார். கேமராவை அணைக்கக் கூடாது, பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்பார். ‘ரிசர்வ் வங்கி சரிபார்ப்பு’க்காக எஃப்.டி.யை உடைத்து அனுப்பச் சொல்வார். பேங்கில் கேட்டால் மகளுக்கு வீடு வாங்க என்று சொல்லவும் சொல்லித்தருவார்கள். கவுன்டரில் இருப்பவரிடம் பொய் சொல்லச் சொல்கிற அதிகாரி எந்தத் துறையிலும் இல்லை.

பணம் போய்விட்டதா? ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன், பேங்க் திறக்கக் காத்திருக்காமல், 1930-ஐ, அதாவது சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண்ணை, அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். மிச்சம் இருப்பதைத்தான் முடக்க முடியும். தொகை, நேரம், பணம் போன கணக்கு எண், யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கு பேங்க் தரும் குறிப்பு எண்) எல்லாம் கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நேரடியாகப் பதியலாம். போனில் சொன்னதோடு விடாமல், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் அதே தளத்தில் முழுப் புகாரையும் முடித்துவிடுங்கள்.

இனிதான் அலைச்சல். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் ஸ்டேஷனில் முதலில் கேட்டது: “நீங்களாத்தானேம்மா அனுப்புனீங்க?” பிறகு, “சைபர் கிரைமுக்குப் போங்க.” அங்கே போனால், “உங்க ஏரியா ஸ்டேஷன்ல குடுங்க.” கடைசியில் ஒரு சிஎஸ்ஆர் ரசீதை, அதாவது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டை, கொடுத்து அனுப்பினார்கள்.

சிஎஸ்ஆர் என்பது எஃப்ஐஆர் இல்லை. 1930 தரும் எண்ணும் எஃப்ஐஆர் இல்லை. எல்லை எங்களுடையது இல்லை என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை: பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எஃப்ஐஆர் நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வாயால் சொன்ன மறுப்புக்குச் சாட்சி இல்லை, தபாலில் அனுப்பியதற்கு ரசீதே சாட்சி.

எஃப்ஐஆருக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏன் என்றால், பணம் முடக்கப்பட்டாலும் தானாக உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடாது. பெரிய தொகை என்றால் அநேகமாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். கேட்டால்தான் தருவார்கள்.

‘மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணத்தையும் பேங்க் தரும்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. 2017 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அப்படிச் சொன்னது, உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. மிரட்டலுக்குப் பயந்தாலும் நீங்களே அனுப்பியதை பேங்க் அதில் சேர்க்காது. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். கிளையில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் பேங்குகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போக அந்தச் சீல் வேண்டும்.

இன்னொன்று. புகார் கொடுத்தபின், “சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், பணம் கிடைத்துவிட்டது, ஃபீஸ் கட்டுங்கள்” என்று போன் வரலாம். 1930-க்கோ எஃப்ஐஆருக்கோ எந்தக் கட்டணமும் கிடையாது. அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.