தூக்க ஏலாத பாரத்தை இறக்க மட்டும் எப்பிடி ஏலுது?

கல்லாற்றுத் தம்பி ஒராள் கேட்டிருந்தார், பெஞ்ச் பிரஸ்ல, அதான் வாங்குல மல்லாந்து படுத்துக் கம்பிப் பாரத்தை மேல தள்ளுறதுல, 80 கிலோவத் தூக்க ஏலா, ஆனா ஆராவது மேல ஏத்தித் தந்தா நெஞ்சு வரைக்கும் மெதுவா இறக்கிருவன், அதெப்பிடி அண்ணே எண்டு. ஜிம்ல ஆரோ நெகட்டிவ் ரெப், அதாவது பாரத்தை மெதுவா இறக்கிறதை மட்டும் திருப்பித் திருப்பிச் செய்யிறது, அடிக்கச் சொல்லி அடிச்சிருக்கார், அடுத்த நாள் கையை மடக்க ஏலாமப் போயிற்றாம், வீட்டில கண்ணூறு எண்டு நூல் கட்டியிருக்காங்க. நூல் கிடக்கட்டும், கண்ணூறுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

தசை சுருங்கிறது ஓ.எல்.ல படிச்சதுதான், தசைக்குள்ள இருக்கிற மயோசின் எண்ட புரதத்திட தலைகள் பக்கத்துல கிடக்கிற ஆக்டின் எண்ட புரத இழையைப் பிடிச்சு இழுக்கும், விடும், திரும்பப் பிடிக்கும், ஒவ்வொருக்கா விடுறதுக்கும் ஒரு ஏடிபி, அதான் தசைக்குச் சக்தி குடுக்கிற மூலக்கூறு, செலவு. சரி, அது காணும்.

இறக்கக்குள்ள நடக்கிறதுதான் ருசியான விசயம். சித்திரை வருசத்துக்குக் கயிறு இழுக்கக்குள்ள தோக்கிற பக்கத்தாக்கள்ற கையப் பாருங்க, அவங்க கயித்தை விடுறதில்ல, மற்றப் பக்கம் இழுக்கிற இழுவையில அது கைக்குள்ளால வழுக்கும், வழுக்கின கை உடனே திரும்பப் பிடிக்கும். மயோசின் தலையும் அப்பிடித்தான், பாரம் தசையை இழுத்து நீட்டக்குள்ள அது தானா விடாது, பிய்ச்செடுக்கப்படுது, மறுகா உடனே பிடிக்குது. பிய்க்கிற வேலையப் பாரமே செஞ்சு குடுக்கிறதால ஏடிபி கொஞ்சமாத்தான் போகும், பிடி மட்டும் கூடும். இதுக்கு மேல டைட்டின் எண்டு ஒரு புரதம், நம்மட உடம்பில இருக்கிறதுலயே பெரிசு, நீள நீள ஸ்பிரிங் மாதிரி இறுகி எதிர்த்து நிக்கும்.

1952ல லண்டன்ல இதை ஆக்களுக்கு முன்னால செஞ்சு காட்டினாங்க. ரெண்டு சைக்கிளை முதுகோட முதுகா வச்சு ஒரே செயினால இணைச்சு, ஒராள் முன்னுக்கு மிதிக்க மற்றாள் பெடலை எதிர்த்துத் தடுக்கிறது, தடுக்கிறவரிட கால் தசை பாரம் இறக்கக்குள்ள மாதிரியே இழுபட்டு நீளும். மிதிச்சது வாட்டசாட்டமான ஆம்பிள, தடுத்தது சின்ன உடம்புப் பொம்பிள, களைச்சது அந்த ஆம்பிளதான். ஆராய்ச்சிக்குக் காசில்ல எண்டு கைய விரிக்கிறவங்களுக்கு இதச் சொல்லோணும், பிறீவீலைக் கழட்டினா மட்டக்களப்புல எந்தச் சைக்கிள் கடையிலயும் இதைச் செஞ்சு எடுக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தா மறக்குங்களா?

ஆனா இறக்கக்குள்ள பிடி கூடினதால குறைவான தசை நார்களே பாரம் முழுக்கத் தாங்கிறதால ஒவ்வொரு நாரும் கூட இழுபட்டு, நுணுக்கமாக் கிழியுது. ஒண்டு தொடக்கம் மூண்டு நாளைக்கு நோவு உச்சத்துல நிக்கிறது அதாலதான், லாக்டிக் அமிலம் எண்டு கோச்மார் சொல்றது பிழை, அது ஒரு மணித்தியாலத்துக்குள்ள கழுவுப்பட்டுப் போயிரும்.

அதால இறக்கிற பயிற்சியை எடை போட்ட கம்பியோட தொடங்காதீங்க. புல் அப் கம்பிக்குக் கீழ ஒரு வாங்கு போட்டு ஏறி நாடிய கம்பிக்கு மேல வச்சுக்கொண்டு மூண்டு, அஞ்சு செக்கன் எடுத்து இறங்குங்க, நாலஞ்சு தரம் காணும், பிறகு ரெண்டு மூண்டு நாள் அந்தத் தசையத் தொடாதீங்க. கொஞ்சமா அடிச்ச முதல் நோவே தசையப் பழக்கிரும், அடுத்த முறை அதே வேலைக்கு இவ்வளவு நோகாது. பெஞ்ச்ல எண்டா ரெண்டு பக்கமும் ஆள் நிக்கோணும், தனிய வேணவே வேணா, இறக்கிற வேகம் உங்கட கையில இல்லாமப் போற ரெப்தான் கடைசி ரெப். நம்மட வெயிலுக்குத் தண்ணி நல்லாக் குடிங்க. சலம் பிளேன்டீ நிறத்துல போனா, கை கால் வீங்கினா நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்காதீங்க, உடைஞ்ச தசையில இருந்து வாற புரதம் கிட்னியப் பழுதாக்கும், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.