அச்சு அசலான ஒரு நீர்த்துளி

ஹைப்பர்ரியலிச ஓவியர்களுக்கு, அதாவது புகைப்படமோ என்று தோன்றும்படி அச்சு அசலாக வரைபவர்களுக்கு, தண்ணீர் பெரிய சவால். ஒரு துளி நீரை எடுத்துக்கொண்டால் அதற்கென்று நிறமே கிடையாது. அப்புறம் எந்த வண்ணத்தைத் தொட்டு வரைவது?

கொரிய ஓவியர் கிம் சாங்-யோல் (1929–2021) ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். 1970களின் தொடக்கத்தில் பாரிஸுக்கு அருகே வசித்தபோது, பழைய கான்வாஸ்களை மறுபடி பயன்படுத்துவதற்காகப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, வண்ணத்தை உரித்தெடுப்பார். ஒருநாள் காலை வெளிச்சத்தில் அந்தத் துளிகள் மின்னுவதைக் கண்டார். அதன்பிறகு கடைசிவரை துளிகள்தான். அவருடைய ஓவியத்தைத் தள்ளி நின்று பார்த்தால், தொட்டால் கை நனைந்துவிடும் போலிருக்கும். கிட்டே போனால் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கருமை, நடுவே வெறும் துணி.

இடப்பக்கம் மேலேயிருந்து வெளிச்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல் உருண்டையில் அந்தப் பக்கம் வெளுத்தும் எதிர்ப்பக்கம் இருண்டும் இருக்கும். துளியில் இது அப்படியே தலைகீழ். நீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 1.33. வளைந்த பரப்பில் நுழையும் ஒளி உள்நோக்கித் திரும்பி எதிர்ப்பக்கத்தில் குவிகிறது. அதனால் வெளிச்சம் வரும் பக்கம் கருத்தும், கீழ் வலப்பக்கம் உள்ளிருந்தே ஒளிர்வது போலவும் தெரிகிறது. குவிந்த ஒளியில் ஒரு பங்கு துளியைத் தாண்டிப் போய், அதன் நிழலுக்குள்ளேயே வெளிச்சத் தீற்றலாக விழுகிறது. வரையப் பழகுபவர்கள் எளிதில் விட்டுவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் ஒளி துளியை ஊடுருவிப் போவதாகவே தோன்றாது.

இருண்ட பக்கத்தின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி உண்டு. நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புகிறது. ஆனால் திரும்பி வருவது சூரியனின் பிம்பம், அந்த 2 சதவீதமே கண் கூசப் போதும். இந்தப் புள்ளியின் விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் நீரின் மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை துளியின் மேற்பரப்பை அவ்வளவு வழவழப்பாக வைத்திருக்கிறது. விளிம்பைச் சற்றுத் தேய்த்து மங்கலாக்கினாலும் துளி மெழுகாகிவிடும். எதிர்ப்பக்கத்து வெளிச்சமோ மெல்ல மெல்லக் கரைய வேண்டும்.

சரி, அந்தப் பிரகாசத்துக்கு எங்கே போவது? வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியைவிட அதிகமாக எதையும் திருப்பித் தராது. இங்கே நம் கண்தான் கைகொடுக்கிறது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் அது வெளிச்சத்தை எடைபோடும். சுற்றுப்புறத்தை இருட்டாக்கினால் அதே வெள்ளை பளீரென்று தெரியும். கிம் பல ஓவியங்களில் பழுப்புத் துணியைப் பூச்சில்லாமல் விட்டிருப்பதை நான் மிகவும் ரசிக்கிறேன். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் நிற்கும் நிறம் அது, இரண்டு பக்கமும் நகர இடம் தருகிறது. வெள்ளைத் தாளில் வரைபவருக்கு அந்த வசதி இல்லை.

தாமரை இலைத் துளிக்குக் கணக்கே வேறு. இலையின் நுண்ணிய மெழுகுப் புடைப்புகள் துளியைத் தூக்கிப் பிடிப்பதால் அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது. நீரிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியேற முடியாமல் முழுதாகத் திரும்பிவிடும். அதனால்தான் சாய்வாகப் பார்க்கும்போது துளியின் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னுகிறது. அங்கே சாம்பலும் வெள்ளையும்தான் போட வேண்டும். இலையின் பச்சை அதில் கூடிவிட்டால் துளி இலையோடு ஒட்டிக்கொண்டதாகத் தெரியும்.