மதிலைத் தாண்டி வரும் இரைச்சல்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. சாலையோரத்தில் ஆறடி மதில் எழுப்பியும் லாரிச் சத்தம் ஓயவில்லை என்று அங்கு குடியிருப்பவர்கள் குறைபட்டால் அதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது.

ஒலியின் வலிமையைச் சொல்லும் டெசிபல் ஒரு மடக்கை (logarithm) அளவு, அதாவது ஒலியாற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஒரு சாலையில் வண்டிகள் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் குறைய வேண்டுமானால் பத்தில் ஒன்பது வண்டிகள் ஓடாதிருக்க வேண்டும். ஏறி இறங்கும் சத்தத்தை ஒற்றை எண்ணாக்க, அந்த நேரம் முழுவதும் வந்து சேர்ந்த ஒலியாற்றலைச் சராசரியாக்குகிறார்கள். வாசலில் 100 டெசிபலில் ஒரே நொடி அலறும் ஏர் ஹாரன், மற்றபடி அமைதியான ஒரு மணி நேரத்தின் சராசரியை 64 டெசிபலுக்கு ஏற்றிவிடும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்போ பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

இன்னும் போடாத சாலையின் இரைச்சலையும் முன்கூட்டியே கணக்கிடலாம். மணிக்கு எத்தனை வண்டிகள், அவற்றில் கனரக வாகனங்கள் எத்தனை, வேகம், ஏற்றம், தார்ப்பரப்பின் தன்மை, வீட்டின் தூரம் ஆகியவை தெரிந்தால் போதும். வண்டிகள் தொடர்ந்து ஓடும் சாலை நீளமான ஒலி மூலமாக இருப்பதால், தூரம் இரட்டிக்கும்போது 3 டெசிபல்தான் குறைகிறது. 10 மீட்டரில் 70 டெசிபல் என்றால், வெட்டவெளியில் 55-க்கு இறங்க ஏறத்தாழ 320 மீட்டர் விலக வேண்டும். வீடுகள் நெருங்கி நிற்கும் நம் குமரி மாவட்டத்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

ஆகவேதான் மதில். வண்டியைக் கண்ணிலிருந்து மறைக்கும் அளவுக்கு அது உயர்ந்தால் சுமார் 5 டெசிபல் குறையும். டயர் ஒலியில் வலுவான 1000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். அதை மதில் ஓரளவு தடுக்கிறது. லாரி என்ஜினின் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கோ அலைநீளம் 3.4 மீட்டர், அது மதிலின் விளிம்பில் வளைந்து உள்ளே இறங்கிவிடுகிறது. திறந்து கிடக்கும் கேட்டும், மதிலுக்கு மேலே சாலையைப் பார்த்து நிற்கும் மாடி ஜன்னலும் மிச்சப் பயனையும் குறைத்துவிடுகின்றன. நடுவில் நிற்கும் நாலைந்து தென்னைகளால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் வராது. அடர்ந்த மரவரிசை பல பத்து மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் பலன் உண்டு. காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுவதுபோன்ற பலத்த காற்று, அது போகும் திசையில் ஒலியைத் தரைநோக்கி வளைப்பதால், மதிலின் மறைவில் இருக்கும் வீட்டுக்கும் சத்தம் எட்டும்.

எனவே, சத்தம் பிறக்கும் இடத்திலேயே கைவைப்பதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிய காரில் என்ஜினைவிட டயரே அதிகம் ஒலிக்கிறது. வேகம் பாதியானால் அந்த ஒலி 9 டெசிபல் அளவுக்குக் குறையும். நுண்துளைத் தார்ப்பரப்பு, டயருக்கடியில் நசுங்கும் காற்றை உள்வாங்கி 3 முதல் 5 டெசிபல் வரை குறைக்கும். ஆனால் மழையில் கரைந்து வரும் செம்மண் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் பயன் போய்விடும். காலி டிப்பர் குழியில் இறங்கி ஏறும்போது அதன் பெட்டி அடிக்கும் 'டமார்' சத்தமோ, சீரான சாலையை மனத்தில் வைத்து எழுதிய எந்தக் கணக்கிலும் வராது. அந்தக் குழியை அடைக்க ஒரு வண்டி ஜல்லியும் தாரும் போதும்.