விளையாட்டுக் கன்சோல்: கண்ணுக்கு எட்டாத முன்னேற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலை

வீடியோ கேம்களுக்கு முப்பரிமாணப் பொருள்களை உருவாக்குவது பதினான்கு ஆண்டுகளாக என் தொழில். கதாநாயகனையோ அரக்கனையோ நான் செய்வதில்லை. சுவர், படிக்கட்டு, மரப்பீப்பாய், மண்குடம், துருப்பிடித்த இரும்புக் கதவு என்று நீங்கள் விளையாடும்போது நின்று பார்க்காமல் கடந்துபோகும் பொருள்களே என் கையிலிருந்து போகின்றவை. இந்த வேலை தெரிந்த உறவினர்களும் நண்பர்களும் தீபாவளி நெருங்கும்போது தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 என்னும் கன்சோல், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டி, நன்றாகவே ஓடுகிறது, பிள்ளை 5 வேண்டும் என்கிறான், ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கினால் படம் அவ்வளவு நன்றாக இருக்குமா என்பதுதான் அது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வது அவர்களுக்கு நேர்மையாக இராது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு குடத்தின் வாயிலிருந்து தொடங்குகிறேன். கணினியால் வளைவை அப்படியே வரைய முடியாது; நேர்க்கோடுகளையும் முக்கோணங்களையும் கொண்டுதான் எல்லாவற்றையும் கட்ட வேண்டும். குடத்தின் வட்டமான வாயை எட்டுப் பக்கங்களால் அமைத்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதியும் உண்மையான வட்டத்திலிருந்து ஆரத்தில் 7.6 சதவீதம் உள்வாங்கி நிற்கும். திரையில் அந்த ஆரம் 200 பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் மிகச் சிறிய புள்ளிகள் 200, என்று வைத்துக்கொண்டால் பிழை 15 பிக்சல், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பக்கங்களைப் பதினாறாக்கினால் பிழை 4 பிக்சலுக்குக் குறைகிறது. முப்பத்திரண்டாக்கினால் ஒரு பிக்சலுக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. அறுபத்துநான்காக்கினால் கால் பிக்சல். முதல் இரட்டிப்பு பதினொரு பிக்சல் பிழையைப் போக்கியது. கடைசி இரட்டிப்பு முக்கால் பிக்சலைக்கூட முழுதாகப் போக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கங்கள் இருமடங்காகின்றன, அவற்றைக் கணக்கிடும் சுமையும் கூடுகிறது. கன்சோல் தலைமுறைகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் குடத்தின் வாய்க்குள்ளேயே இருக்கிறது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 எம்பி மட்டுமே. ஒரு மனித உருவத்துக்குச் சில நூறு முக்கோணங்களே கிடைத்தன. முனைகளின் இடத்தை அது முழு எண்களாகவே கணக்கிட்டதாலும், சுவரில் ஒட்டிய டெக்ஸ்சர் என்னும் மேற்பரப்புப் படத்தைத் தொலைவுக்கு ஏற்பத் திருத்தாததாலும், நடந்தால் சுவர்கள் நெளிந்தன, தரை அலை போல ஆடியது. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 அந்த ஆட்டத்தை நிறுத்தியது, முகங்களில் மூக்கும் உதடும் தனித்தனியாகத் தெரிந்தன. 2005, 2006இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 தலைமுறையில், பல லட்சம் முக்கோணங்கள் கொண்ட மாடலின் நுணுக்கத்தை ஒரு படமாகப் பதிந்து எளிய மாடலின் மேல் போர்த்தும் நார்மல் மேப் முறை எங்கும் பரவியது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 காலத்தில், உலோகமும் துணியும் தோலும் எந்த வெளிச்சத்திலும் தத்தம் இயல்போடு தோன்றும்படி கணக்கிடும் முறை எங்கள் தொழிலின் பொதுவழக்கமாயிற்று.

இந்த வரிசையில் நினைவகத்தின் அளவை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2 எம்பி, பிறகு 32 எம்பி, பிறகு 512 எம்பி, பிறகு 8 ஜிபி. மூன்று முறையும் சரியாகப் பதினாறு மடங்கு. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இல் இருப்பது 16 ஜிபி, அதாவது இரண்டே மடங்கு. பொறியாளர்களின் திறமை குறைந்ததால் இப்படி ஆகவில்லை. முன்பு சில்லு சுருங்கச் சுருங்க விலையும் சேர்ந்து இறங்கியது. 299 டாலருக்கு அமெரிக்காவில் அறிமுகமான பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது. இப்போது சில்லு சுருங்கினாலும் அதைச் செய்யும் செலவு அதே வேகத்தில் இறங்குவதில்லை. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, அடுத்த ஆண்டின் இறுதியில் 54,990 ரூபாய் ஆனது. கன்சோல் வயதாக வயதாக மலிவாகும் என்று காத்திருந்து வாங்கிப் பழகிய குடும்பங்களுக்கு இது புதிய நிலைமை.

அடுத்தது திரை. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரையிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். 43 அங்குலத் தொலைக்காட்சியில் முழு எச்டி படத்தின் ஒரு பிக்சல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலம் கொண்டது. இந்தக் கணக்கின்படி ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்தால் அந்தப் பிக்சலைத் தனியாகப் பார்க்க இயலாது. நம் வீடுகளில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே எட்டு, ஒன்பது அடி இருப்பது சாதாரணம். அங்கிருந்து பார்ப்பவருக்கு 4கே படம் தருவது நான்கு மடங்கு பிக்சல். 20 லட்சம் என்பது 82 லட்சத்தைத் தாண்டுகிறது. கன்சோலின் உழைப்பும் ஏறக்குறைய அதே அளவில் உயர்கிறது. ஓரங்களில் தெரியும் நெளிவு சற்றுக் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் குறைவுக்காக நான்கு மடங்கு வேலை என்பதே என் கவலை. மேசையில் மானிட்டர் வைத்து இரண்டடி தொலைவில் விளையாடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவருக்கு 4கே உண்மையிலேயே பயன் தரும்.

வெளிச்சத்தில் நிலைமை சற்று மாறுபட்டது. ரே டிரேசிங் என்னும் முறையில் ஒளிக்கதிர்கள் எங்கே பட்டு எங்கே திரும்புகின்றன என்பதைக் கன்சோல் விளையாட்டு ஓடும்போதே கணக்கிடுகிறது. பகல் இரவாக மாறும் உலகம், இடிந்து விழும் சுவர், கையில் தூக்கிச் செல்லும் விளக்கு ஆகிய இடங்களில் இதற்கு ஈடான வழி வேறில்லை. ஓர் ஓவியனாக இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எதுவும் அசையாத ஓர் அறைக்கு, முன்கூட்டியே பல மணி நேரம் கணக்கிட்டுச் சுவரிலேயே பதித்துவைக்கும் பழைய முறை தருகிற படமும் இதுவும் பக்கத்தில் பக்கம் வைத்தாலன்றி வேறுபடுவதில்லை. மேலும் கதிர்களைக் குறைவாக அனுப்பினால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளைப் பாதியாக்க இருமடங்கு கதிர்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். மறுபடி பாதியாக்க மொத்தம் பதினாறு மடங்கு. குடத்தின் வாயில் பார்த்ததைவிடக் கடுமையான கணக்கு இது.

இதன் விலையை வாங்குபவர் மட்டும் கொடுப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பீப்பாயை இரண்டு நாளில் முடித்துக் கொடுப்பேன். இன்று அதே பீப்பாய்க்கு முதலில் ஒவ்வொரு ஆணியையும் மர வரியையும் ஏராளமான முக்கோணங்களால் செதுக்கிய ஹை பாலி மாடல், பிறகு அதிலிருந்து எளிய மாடல், பிறகு முதலதன் நுணுக்கத்தை இதன் மேல் படமாகப் பதிக்கும் பேக்கிங், பிறகு ஈரம், தூசி, கீறல் என்று அடுக்கடுக்கான டெக்ஸ்சர், உடைந்த வடிவங்கள் தனி என்று ஒன்பது வேலைநாள் ஆகிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக நான் செய்த இரும்புக் கதவு, துருவின் ஓரம் போதிய அளவு நுணுக்கமாக இல்லை என்று மூன்று முறை திரும்பி வந்தது. அந்த மாதம் எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அலுவலகத்தில் இருந்தது. விளையாட்டு வெளிவந்த பின் ஆசையோடு வாங்கி அந்தக் கதவைத் தேடிப் போனேன். இரவு நேரம், மழை பெய்யும் காட்சி. வீரன் அதைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான், நான்கு வினாடி. துரு எந்தப் பக்கம் இருந்தது என்பது செய்த எனக்கே தெரியவில்லை.

2023இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தாக்கலான ஆவணங்கள் வழியே இரண்டு பெரிய விளையாட்டுகளின் ஆக்கச் செலவு வெளியே தெரிந்தது. 2020இல் வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், உச்சக்கட்டத்தில் சுமார் 200 பேர். 2022இல் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர், சுமார் 300 பேர், ஐந்து ஆண்டுகள். இப்படிப்பட்ட முதலீட்டில் ஒரு விளையாட்டு ஓரளவு விற்றது என்பதே தோல்வி ஆகிவிடுகிறது. புதிய கதை, புதிய விளையாட்டுமுறை எதையும் முயன்று பார்க்க யாருக்கும் துணிவு வருவதில்லை. 2023, 2024 ஆண்டுகளில் இந்தத் துறையில் பல ஆயிரம் பேர் வேலை இழந்ததற்குக் காரணங்கள் பல. கட்டுக்கடங்காத ஆக்கச் செலவும் அவற்றுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. மறுபுறம், பிளேஸ்டேஷன் 4ஐவிட மிகவும் வலுக்குறைந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் வந்து 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் புதிய கன்சோலில் கையால் உணரக்கூடிய முன்னேற்றம் எது? வேகம். நொடிக்கு 30 சட்டகம், அதாவது 30 படம், ஓடும்போது ஒரு படம் 33 மில்லிவினாடி நிற்கிறது. 60 சட்டகத்தில் அது 17 ஆகிறது. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கை அசைவதற்கும் இடையே உள்ள காத்திருப்பு சுருங்குவதை, பிக்சலைப் பற்றி எதுவும் அறியாதவரும் உணர்வார். பிளேஸ்டேஷன் 5இன் பல விளையாட்டுகள் படத்தின் தரத்துக்கு ஓர் அமைப்பையும் வேகத்துக்கு ஓர் அமைப்பையும் தருகின்றன. அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2024 செப்டம்பரில் அளித்த விளக்கத்தில், விளையாடுவோர் ஏறத்தாழ நான்கில் மூன்று தடவை வேகத்தையே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். அடுத்து எஸ்எஸ்டி என்னும் சுழலும் பாகமற்ற வேகமான சேமிப்பகம். சுழலும் வன்வட்டிலிருந்து படிக்கும் பழைய கன்சோலில் நிமிடக்கணக்கில் காத்திருந்தது இதில் சில வினாடிகளில் முடிகிறது. பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் மட்டும் விளையாட அனுமதி உள்ள பிள்ளைக்கு இது சிறிய விஷயம் அல்ல.

சென்ற ஆண்டு என் அக்கா வீட்டில் இதே கேள்வி வந்தபோது, நண்பரின் பிளேஸ்டேஷன் 5ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கிப் போனேன். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் இரண்டு கன்சோலுக்கும் வந்தது என்பதால், அவர்களிடம் இருந்த 4இலும் இதிலும் அதே காட்சியை அதே 43 அங்குலத் திரையில் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். எது எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. சோபாவில் இருந்த அக்காவும் மாமாவும் ஒவ்வொரு முறையும் தயங்கினார்கள். மாமா இரண்டு முறை பழையதைக் காட்டிப் புதியது என்றார். பிறகு மருமகன் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, புதிய பெட்டியில் 30இலும் 60இலும் ஓடச் சொன்னேன். அரை நிமிடத்தில், "மாமா, இதுல அவ சொன்ன பேச்சைக் கேக்குறா" என்றான், விளையாட்டில் வரும் வீராங்கனையைக் காட்டி. தொலைக்காட்சியின் அமைப்பில், படத்தைத் தாமதமின்றிக் காட்டும் கேம் மோடை இயக்கிக் கொடுத்ததும் பழைய பெட்டியில்கூட அந்தக் காத்திருப்பு ஓரளவு குறைந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் அதை இயக்கியதே இல்லை. ஆண்டுத் தேர்வு முடியும்வரை 4 போதும் என்று அவனே சொன்னான்.