கடவுச்சொல் நுழைவை உண்மையிலேயே மூடிவிட்டீர்களா?

வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்று பொது ஐபி முகவரியோடு இணையத்துக்கு வந்த சிறிது நேரத்திலேயே, 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்ற பெயர்களில் யார் யாரோ உள்ளே நுழைய முயன்ற தடயங்கள் அதன் லாக் கோப்பில் விழத் தொடங்கிவிடும். இதை முதன்முறை பார்க்கும் புதியவர்கள், தம்மை யாரோ குறிவைத்துவிட்டதாகப் பதறுகிறார்கள். பெரும்பாலும் அவை கண்ணில் பட்ட முகவரியையெல்லாம் ஓயாமல் தட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்கள்தாம்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, அங்கிருந்த தாத்து யுலோனென், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்எஸ்எச்சை 1995-இல் உருவாக்கினார். அதற்கு முன் இதே வேலைக்குப் பயன்பட்ட டெல்நெட்டில் வெளிப்படையாகவே போய்வந்த கடவுச்சொல், எஸ்எஸ்எச்சில் மறையாக்கம் பெற்றுச் செல்கிறது. ஆயினும் மறையாக்கம் வழியில் ஒட்டுக்கேட்பவரைத்தான் தடுக்கும். வாசலில் நின்று கடவுச்சொல்லை ஊகிப்பவரைத் தடுக்காது.

அதற்குத்தான் சாவி ஜோடி: சர்வரில் வைக்கும் பொதுச்சாவியும், அதற்கு இணையாக உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியும். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் இடி25519 வகைச் சாவியை உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் சர்வரில் ஏற்றுங்கள். தனிச்சாவி, அதைப் பூட்டிவைக்கும் கடவுத்தொடரோடு, உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை அலுவலகங்களில் இன்றும் பார்க்கிறேன். அப்படி அனுப்பிய சாவியைக் கைவிட்டுப் புதியது உருவாக்குவதே முறை.

சாவி வேலை செய்வதை உறுதிசெய்த பிறகு, சர்வரில் எஸ்எஸ்எச் நுழைவைக் கவனிக்கும் சேவையான எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்' என்பதற்கு 'நோ' என எழுத வேண்டும். பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. உபுண்டுவில் அக்கோப்பின் தலைப்பகுதியிலேயே, துணைக் கோப்புறையில் உள்ள கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் வரி ஒன்று இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் சிலவற்றில், சர்வரை முதன்முறை தயார்செய்யும் 'கிளவுட்-இனிட்' நிரல் அங்கு வைத்த கோப்பு இதே அமைப்புக்கு 'யெஸ்' என்று எழுதி வைத்திருக்கும். ஒரே அமைப்பு இருமுறை வந்தால் எஸ்எஸ்எச்டி முதலில் கண்டதையே ஏற்பதால், கீழே நீங்கள் எழுதிய 'நோ' செல்லாது. சேவையை மறுதொடக்கம் செய்யும்போது, ஏற்கெனவே நுழைந்திருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொரு டெர்மினலில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியில் நிற்க நேரும். எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 22-ஐ மாற்றுவது லாக்கின் இரைச்சலைக் குறைக்குமே தவிர, இந்த வேலைக்கு ஈடாகாது.

கடைசியாக, சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து நுழைய முயலுங்கள். கடவுச்சொல் கேட்டால் வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. கேட்காமலே 'பெர்மிஷன் டினைட்' என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ' என்பதை மட்டும் காட்டினால், கடவுச்சொல் நுழைவு மூடப்பட்டுவிட்டது.