240 அடி ஆழத்திலிருந்து 33 பேர்

1939 மே 23 அன்று காலை, நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ‘ஸ்குவாலஸ்’ என்ற புத்தம்புதிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் சோதனை முழுக்கின்போது நீர் புகுந்து கடலடியில் மூழ்கிக் கிடந்தது. டீசல் எஞ்சின்களுக்குக் காற்று செல்லும் பெரிய வால்வு மூடியிருக்கவில்லை. கட்டுப்பாட்டு அறைப் பலகையிலோ எல்லா விளக்குகளும் பச்சை, அதாவது எல்லாம் மூடியாயிற்று! பின்பகுதியில் 26 பேர் இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் 240 அடி ஆழத்தில், குளிரில் காத்திருந்தார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இப்படிச் சிக்கியவர்களை மேலிருந்து மீட்க நல்ல வழி இருந்ததில்லை. 1927இல் ‘எஸ்-4’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கியபோது உயிரோடிருந்த ஆறு பேர் உள்ளிருந்து தட்டித் தட்டிச் செய்தி சொன்னார்கள். கேட்டவர்களால் காப்பாற்ற முடியவில்லை. சார்லஸ் மாம்சன் என்ற கடற்படை அதிகாரி அதற்கு முன்பே சொன்ன மீட்புக் கலம் யோசனை கோப்பில் தூங்கியது. பிறகு ஆலன் மெக்கான் என்ற இன்னொரு அதிகாரி அதைச் செம்மைப்படுத்தினார். கலத்துக்குப் பெயரும் அவருடையதாகவே அமைந்தது.

பேரிக்காய் வடிவ இரும்புக் கலம் அது. மேலறையில் ஆட்கள், கீழறைக்கு அடிப்பகுதி கிடையாது, விளிம்பில் ரப்பர் வளையம் மட்டும். கலம் இயல்பாக மிதக்கும். முக்குளிப்பவர் ஒருவர் கப்பலின் கதவில் கம்பியை மாட்டிவிட்டு வருவார். கலத்துக்குள் இருக்கும் காற்றுவிசைச் சுருளி அந்தக் கம்பியைச் சுற்றச் சுற்ற, கலம் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு சரியாகக் கதவின் மேல் போய் அமரும். கயிற்றில் தொங்கவிட்டால் நீரோட்டத்தில் அலைபாயும்; குறி தப்பும்.

அமர்ந்தபின் கீழறையிலுள்ள நீரை வெளியேற்றி, உள்ளழுத்தத்தை மேற்பரப்பின் அளவுக்குக் குறைப்பார்கள். வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏழு கிலோவுக்கு மேல் அழுத்தம். அந்த அழுத்தமே ரப்பர் வளையத்தைக் கப்பலோடு நெரித்துப் பிடிக்கும். பூட்டும் திருகுகள் கூடுதல் காவல்தான். பிறகு கதவைத் திறக்கலாம். ஒருவரும் நனைய வேண்டியதில்லை.

‘ஃபால்கன்’ என்ற மீட்புக் கப்பலிலிருந்து இறக்கிய கலத்தில், மறுநாள் நான்கு நடைகளில் 33 பேரும் மேலே வந்தார்கள். கடைசி நடையில் கம்பி சிக்கியது. அதை முக்குளிப்பவர் வெட்ட, மேலே இழுக்கும் கம்பியும் இழை இழையாகப் பிரிந்தது. கலத்தின் மிதப்பைக் காற்றால் சரிப்படுத்திக்கொண்டே கையால் இழுத்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகே அது வெளிவந்தது.

இந்த உபாயத்துக்கு ஒரு எல்லை உண்டு: கப்பலின் உடல் நொறுங்காத ஆழமாக இருக்க வேண்டும். 2017இல் அர்ஜென்டினாவின் ‘சான் ஹுவான்’ காணாமல் போனபோதும் அமெரிக்கா இதே வகைக் கலத்தை விமானத்தில் அனுப்பியது. அடுத்த ஆண்டு கப்பல் கிடைத்தது, ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்தில், நசுங்கிப்போய்.