வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது

"புதுச் சட்டத்தில் ஆன்லைனிலேயே அரெஸ்ட் பண்ணலாமாமே, சார்?"

கேட்டவர் படிக்காதவர் இல்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இந்தக் கேள்வியைக் கேட்க அவர் என் அலுவலகத்துக்கு வருவதற்குள் இரண்டு வைப்பு நிதிகளை உடைத்து, வீடியோ காலில் போலீஸ் என்று வந்தவர்கள் "சரிபார்ப்புக் கணக்கு" என்று சொன்ன இடத்துக்குப் பணத்தை அனுப்பிவிட்டிருந்தார். பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம், மும்பையில் வழக்கு என்று மிரட்டிப் பணம் பறிக்கிற அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிக் கதையை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் அது மனப்பாடம். என்னை எரிச்சலூட்டுவது அவர் கேட்ட கேள்விதான். கிரிமினல் வழக்கு நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதே கேள்வியைத் தானும் எதிர்கொண்டதாகச் சொல்வார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்தது. அதில் மின்னணு வழிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்கள். புகாரை மின்னணு வழியில் அனுப்பிவிட்டு 3 நாளுக்குள் கையெழுத்திட்டால் போதும். சோதனை போடுவதை வீடியோ எடுத்தாக வேண்டும். நீதிமன்றச் சம்மனைக்கூட மின்னணு முறையில் அனுப்பலாம். ஏற்கெனவே சிறையில் இருப்பவரின் நீதிமன்றக் காவலை வீடியோ வழியாக நீட்டிக்கலாம். இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டவர்கள், கைதும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இல்லை. கைது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அரெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படைப் பொருளே நிறுத்துவது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாலை ஓரத்து நிறுத்தப் பலகைகளில் இன்றும் 'அரே' என்று அந்தக் குடும்பத்துச் சொல்தான் எழுதியிருக்கும். இதயம் நின்றுபோனால் கார்டியாக் அரெஸ்ட். மின்கம்பத்தில் மின்னலைத் தடுக்கும் கருவி லைட்னிங் அரெஸ்டர். கடன் பாக்கிக்காகக் கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைப்பதும் அரெஸ்ட்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த வழக்குகள் இப்போதும் நடக்கின்றன. நாம் சொல்லும் 'கைது' அரபியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் கட்டு, விலங்கு. 1994-ல் அமலாக்கத் துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ். ரத்னவேல் பாண்டியன் இந்தப் பிரெஞ்சு மூலத்தைச் சொல்லித்தான் கைது என்பதை விளக்கினார்: ஆளைத் தடுத்து நிறுத்துவது. ஒவ்வொரு கைதிலும் காவல் உண்டு, ஒவ்வொரு காவலும் கைதாகிவிடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சட்டக் கல்லூரியில் எங்களுக்கு உருப்போட வைத்த வரி.

சட்டப் பிரிவும் அதையேதான் சொல்கிறது. புதுச் சட்டத்தில் 43, பழையதில் 46: கைது செய்பவர் அந்த ஆளின் உடலைத் தொட வேண்டும் அல்லது அடைத்துவைக்க வேண்டும். பேச்சாலோ செயலாலோ அவரே காவலுக்குக் கட்டுப்பட்டால் தொட வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு உண்டு. அதற்கும் காவலில் எடுக்க ஓர் அதிகாரி எதிரில் நின்றாக வேண்டும். உங்கள் படுக்கையறையில் மொபைலைச் சார்ஜரில் சொருகி, கேமராவைத் திருப்பிவைத்து, "பாத்ரூம் போகலாமா சார்" என்று நீங்கள் அனுமதி கேட்பது கைது ஆகாது. அது ஆள் மிரட்டல். குற்றவாளி மறுமுனையில் இருப்பவன்.

உண்மையான கைது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. அதிகாரியின் சட்டையில் பெயர் தெரியும்படி இருக்கும். கைதுக் குறிப்பாணை என்று ஒரு தாள் எழுதுவார்கள். அதில் தேதி, நேரம், இடம், கைதானவரின் கையெழுத்து, கூடவே குடும்பத்தாரோ அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகப் போட்ட கையெழுத்து. நாங்கள் முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான். பல சமயம் நேரம் எழுதும் இடத்தில் ஒரு திருத்தம் இருக்கும், அதை வைத்து அரை மணி நேரம் வாதாடுவோம். அது வேறு கதை. அந்த நேரத்திலிருந்து, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னால் ஆளை நிறுத்தியாக வேண்டும். இது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. எந்தக் காரணத்துக்காகக் கைது என்று சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். "வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஒருவன் சொன்னால் அந்த ஒரு வாக்கியமே போதும், அவன் போலீஸ் இல்லை.

தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு: சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, நடுவரின் முன் அனுமதியோடுதான் செய்யலாம். 60 வயது தாண்டியவர்கள் மேல் 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மிரட்டுகிறவன் டிராய் என்று சொன்னால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு யாரையும் கைது செய்யும் அதிகாரமே கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸுக்கே இந்த நிலை.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பாக்கியைத் தீர்க்காமல் அவர் அதைத் தாண்ட மாட்டாராம். அரசரையே ஒரு வெளியூர் வணிகர் இப்படி நிறுத்தியதைப் பார்த்ததாகவும் சொல்கிறார். அந்த வணிகருக்கு நிஜமாகவே பணம் வரவேண்டியிருந்தது, ஆளும் எதிரில் நின்றார். இன்றைக்கு எங்கிருந்து பேசுகிறான் என்றே தெரியாத ஒருவன் போனில் போடுகிற வட்டத்துக்குள் படித்தவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிபிஐ என்று சொன்னால் நடுங்காதீர்கள். இந்த மோசடிகளை விசாரிக்கும் வேலையையே 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிபிஐயிடம்தான் கொடுத்தது. அழைப்பைத் துண்டியுங்கள். துண்டித்தால் ஒன்றும் ஆகாது, தயவுசெய்து நம்புங்கள். சந்தேகம் தீரவில்லையா, பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நடந்துபோய்க் கேளுங்கள். உங்கள் மேல் வழக்கு இருந்தால் அவர்களே உட்காரச் சொல்வார்கள்.

பணம் போய்விட்டது என்றால் அழுவதற்கு முன்னால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எந்த நேரமானாலும் சரி. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் வங்கிகள் நடுவழியில் முடக்க முடியும். என்னிடம் வருவது அதற்கு அப்புறம்தான். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவமானமாக இருக்கிறதே என்று அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். போலி முத்திரை குத்தி அவர்கள் அனுப்பிய உத்தரவு, பணம் போட்ட கணக்கு எண், அழைப்பு வந்த நேரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மொபைலை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.